கையெழுத்தில்லாத மர்லினுக்கு என்ன விலை?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பக்கத்துத் தெரு கராஜ் சேலில் பெரிய மர்லின் மன்றோ படம் ஒன்றை 40 டாலருக்கு வாங்கினேன். ஆண்டி வார்ஹால் படம் என்றார்கள். சட்டத்தைக் கழற்றித் துடைத்தபோது பின்பக்கம் கறுப்பு மையில் ஆங்கிலத்தில் ஒரு முத்திரை: 'உங்கள் கையெழுத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.' கணவர் "நாற்பது டாலர் தண்டம்" என்கிறார். தம்பி "அக்கா, நீ கோடீஸ்வரி" என்கிறான். இந்தப் படத்துக்கு அர்த்தம் என்ன, விலை என்ன?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. கணவரைவிடத் தம்பியின் கணக்குத்தான் அதிகம் தவறு.

முத்திரைக்குப் பக்கத்தில் 'சண்டே பி. மார்னிங்' வெளியீடு என்று இன்னொரு முத்திரை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கதை இதுதான். 1967-ல் அமெரிக்க பாப் ஆர்ட் ஓவியர் வார்ஹால், ஃபேக்டரி அடிஷன்ஸ் என்ற தன் சொந்தப் பதிப்பகத்தின் மூலம் பத்து மர்லின்கள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். ஒவ்வொரு படமும் 36-க்கு 36 அங்குலம். மொத்தம் 250 தொகுப்புகள். பின்பக்கம் பென்சிலில் அவர் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பில் வரிசை எண். 1970-ல் பெல்ஜியத்தில் இருவரோடு சேர்ந்து இன்னொரு பதிப்புக்கு ஏற்பாடு செய்தாராம். உறவு முறிந்தது, அச்சிடத் தேவையான நெகட்டிவ்கள் அவர்களிடமே இருந்ததால் அவர்கள் பாட்டுக்கு அச்சடித்துவிட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. உங்கள் முத்திரை அங்கிருந்து வந்தது. பின்னாளில் அந்தப் பிரதிகளைத் தன்னிடம் கொண்டுவந்த சிலருக்கு, 'இது நான் செய்ததில்லை' என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டுக்கொடுத்தார் வார்ஹால். இன்று அந்த மறுப்பு உள்ள பிரதிக்குத்தான் கூடுதல் விலை!

இந்தக் கூத்து படத்தின் அர்த்தத்துக்கு வெளியே நடந்ததல்ல. மர்லின் இறந்தது 1962 ஆகஸ்டில். வார்ஹால் உடனே வேலையைத் தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்டது 1953-ல் வந்த 'நயாகரா' படத்தின் விளம்பர ஸ்டில். முன்னால் உட்காரவைத்து வரைந்த முகமல்ல; ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் அச்சாகி ஊரெல்லாம் சுற்றிய முகம். அதை இன்னொரு முறை, ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அச்சடித்தார். நம் ஊரில் தாம்பூலப் பையில் மணமக்கள் பெயரை அச்சிடுகிறார்களே, அடிப்படையில் அதே முறைதான். 1967 தொகுப்பில் ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து ஸ்கிரீன் (மை இறங்கும் வலைத்திரை): ஒன்றில் புகைப்படம், நான்கில் வண்ணங்கள். சில படங்களில் வண்ணம் கோட்டோடு பொருந்தாமல் நகர்ந்திருக்கும். உதட்டுச் சிவப்பும் இமை நிறமும் முகத்தின் மேல் ஒட்டிய லேபிள் மாதிரி தெரியும். அந்த நகர்வுதான் எனக்கு இந்தப் படத்தின் உயிர். நட்சத்திரத்தின் முகம் ஒரு சரக்கு, அதற்குப் பின்னால் இருந்த பெண் நமக்குக் கிடைக்கவே மாட்டாள் என்று அது சொல்கிறது. பாராட்டா, இரங்கலா, கேலியா என்று வார்ஹால் பிடிகொடுக்கவில்லை.

சந்தை மட்டும் இந்தத் தத்துவத்துக்கு மசியவில்லை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்ற பாணியில் செய்யப்பட்ட படத்தில், எது அவர் கையெழுத்திட்டது என்று தேடித்தேடிப் பணம் கொட்டுகிறது. 1964-ல் அவர் துணியில் செய்த நீலப் பின்னணி மர்லின் ஒன்று, 2022 மே மாதம் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 19.5 கோடி டாலருக்குப் போனது. தம்பி கேள்விப்பட்டது அதுவாக இருக்கலாம். 1967 தொகுப்பின் ஒற்றைத் தாள்களே லட்சம் டாலரைத் தாண்டுவதுண்டு. சண்டே பி. மார்னிங்கின் நிலை வேறு. கறுப்பு மை முத்திரை பழைய பதிப்பின் அடையாளமாகக் கருதப்படுகிறது. நல்ல நிலையில் இருந்தால் சில ஆயிரம் டாலர் எதிர்பார்க்கலாம். நீல மை பிற்காலத்தது, பெரும்பாலும் சில நூறு டாலர். பகல் வெளிச்சத்தில் மையின் நிறத்தை இன்னொரு முறை பாருங்கள்.

ஆனால் இனிமேல் சட்டத்தை நீங்களே கழற்ற வேண்டாம், ஒரு முறை கழற்றியது போதும். மை தாளின் ஓரம்வரை ஓடும் படம் இது; ஓரம் மடங்கினாலோ, ஃபிரேம் கடைக்காரர் அட்டையில் பசைபோட்டு ஒட்டிவிட்டாலோ, விலை விழுந்துவிடும். ஜன்னல் வெயில் படும் சுவரும் வேண்டாம், வண்ணம் வெளுக்கும்.

'அசல்' என்று சான்றிதழ் தருகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். வார்ஹால் அறக்கட்டளை நடத்திய அங்கீகாரக் குழுவே 2012-ல் மூடப்பட்டுவிட்டது. பெரிய ஏல நிறுவனங்களின் பிரிண்ட் பிரிவுக்கு முன்பக்கம், பின்பக்கம், முத்திரை மூன்றையும் படமெடுத்து அனுப்பினால் மதிப்பைக் கட்டணமில்லாமலே சொல்வார்கள். விற்பதானால் விவரத்தில் 'சண்டே பி. மார்னிங்' என்று முதலில் எழுதுங்கள், வார்ஹால் பெயர் அதற்குப் பிறகு வரட்டும். வெறும் 'வார்ஹால்' என்று போட்டு விற்றால், வாங்கியவர் பின்பக்கத்தைப் பார்த்த அன்றே பணத்தைத் திருப்பிக் கேட்பார்.