கம்போடியாவுக்கு ஒன்றே முக்கால் லட்சம் கட்டாதீர்கள்

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் கும்பகோணத்தில் பி.எஸ்சி. கணிதம், கடைசி வருடம். சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தனார் ஒரு யோசனை சொன்னாராம். கம்போடியாவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் மூன்று வாரம் தொண்டு செய்தால் கையோடு சான்றிதழ் கொடுப்பார்கள், அதைக் காட்டினால் வெளிநாட்டில் எம்.பி.ஏ. சீட் சுலபம் என்று. அனுப்பிவைக்கும் நிறுவனம் கேட்பது ஒன்றே முக்கால் லட்சம். டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் தனி. “குறுவை கைகொடுக்கவில்லை. நகையை சொசைட்டியில் வைத்தால் புரட்டிவிடலாம். இவருக்குத்தான் பயம். பிள்ளைக்கு ஏழைக் குழந்தைகள் என்றால் உயிர். அனுப்பலாமா சார்?”

அம்மா, பெண்பிள்ளை தனியாகப் போகிறாளே என்பது உங்கள் வீட்டுக்காரரின் பயம். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மன்னார்குடியிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் எத்தனையோ பெண்கள் தனியாகப் போய் நன்றாகத்தான் இருக்கிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்வது போகிற இடத்துக்காக.

வேலை செய்ய வருகிறவளிடமே பணம் கேட்கிறார்கள் என்றால், அவர்களுக்கு வேண்டியது அவள் வேலை இல்லை. கம்போடியாவில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 2005-க்கும் 2010-க்கும் இடையில் அங்கே காப்பகங்கள் 75 சதவீதம் பெருகின என்று யுனிசெஃப் சொன்னது. அந்தக் காலத்தில் அங்கே பெரிய போர் இல்லை, அனாதைகளும் திடீரென்று கூடிவிடவில்லை. கூடியது சுற்றுலாப் பயணிகள். காப்பகங்களில் இருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினருக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது உயிரோடு இருந்தார்கள். ‘படிக்க வைக்கிறோம்’ என்று சொல்லி ஏழை வீடுகளிலிருந்து அழைத்துவந்த பிள்ளைகள். வெள்ளைக்காரர்கள் பார்க்க வருகிறார்கள், நன்கொடை வருகிறது, அதனால் பிள்ளைகளும் தேவைப்படுகிறார்கள். ஆஸ்திரேலியா 2018-இல் இதை நவீன அடிமைமுறையின் ஒரு வகை என்றே ஏற்றுக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும், காப்பகங்களில் நடக்கும் தொண்டுப் பயணங்கள் குழந்தைக் கடத்தலுக்கும் சுரண்டலுக்கும் வழிவிடக்கூடும் என்று தீர்மானத்திலேயே எழுதியது. எல்லாக் காப்பகமும் அப்படி என்று நான் சொல்லவில்லை. வலங்கைமானில் உட்கார்ந்துகொண்டு எது நல்லது, எது கெட்டது என்று பார்த்துத் தேற உங்களால் முடியாது, என்னாலும் முடியாது.

காப்பகம் நல்லதாகவே இருந்தாலும் மூன்று வாரத்தில் என்ன நடக்கும்? முதல் வாரம் பெயர் பழகும். இரண்டாவது வாரம் குழந்தை மடியில் வந்து உட்காரும். மூன்றாவது வாரம் உங்கள் மகள் விமானம் ஏறிவிடுவாள். அடுத்த வாரம் வேறொரு அக்கா. மடியில் வந்து உட்கார்ந்த குழந்தை இதை வருஷத்துக்கு எத்தனை முறை தாங்கும்? (அந்தப் பிள்ளைகளோடு எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைப்பதும் இதோடு சேர்ந்து வரும். நம் வீட்டுக் குழந்தையின் படத்தை முன்பின் தெரியாதவர் அப்படி வைத்தால் சும்மா விடுவோமா?)

இதெல்லாம் டெல்டாக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகை கடற்கரைக்கு உதவி வந்து குவிந்ததைப் பார்த்தவர்கள் நாம். லாரி லாரியாக வந்த பழந்துணி சாலையோரத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். கட்டுவதற்கு ஆகுமா என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதே சமயம் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக் குழு வந்து, அதிர்ந்துபோன குழந்தைகளிடம் எப்படிப் பேசுவது, எப்படிப் பேச விடுவது என்று உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. குழு ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பயிற்சி இங்கேயே இருந்தது.

எம்.பி.ஏ. பற்றி ஒரே வார்த்தை. உங்கள் மகள் அதைக் கேட்கவே இல்லை. கொழுந்தனார் கேட்கிறார். சரி, அவர் படிக்கட்டும்.

மகள் தனியாக ஒரு தாள் எழுதி உங்கள் கடிதத்தோடு வைத்திருந்தாள். நான் அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் திண்ணையில் பாடம் எடுத்திருக்கிறாள். வந்த பிள்ளைகளில் ஒரு பையனுக்குக் கை இழுத்துக்கொள்ளும், பென்சில் நிற்காது, நழுவி விழும். இவள் பழைய சைக்கிள் டியூபை ரிப்பனாக வெட்டி, பென்சிலின் மேல் தடிமனாகச் சுற்றிக் கொடுத்திருக்கிறாள். அவன் ‘ம’ எழுதினான். “அதுக்கு எனக்குப் பத்து நாள் ஆச்சு சார், எவ்வளவு தடிமன் வேணும்னு தெரியலை” என்று எழுதியிருக்கிறாள். மூன்று வாரச் சான்றிதழை விட இந்த ஒரு வரி பெரிது.

அம்மா, இதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. சிறப்புக் கல்வியில் பி.எட். இரண்டு வருடம். ஏதாவது ஒரு பட்டத்தில் 50 சதவீத மதிப்பெண் இருந்தால் சேரலாம். உங்கள் மகளின் பி.எஸ்சி. கணிதம் தாராளமாகப் போதும். சாதாரண பி.எட். எல்லோருக்கும் தெரியும், தெருவுக்கு நான்கு பேர் முடித்துவிட்டு டெட் தேர்வுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்டு என்னிடம் வருகிறவர்கள் அபூர்வம்.

உள்ளே என்ன சொல்லித்தருவார்கள்? செவித்திறன், பார்வைத்திறன், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் என்று பிரிவுகள் உண்டு. சேரும்போதே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். சட்டைப் பொத்தான் போடத் தெரியாத பிள்ளைக்கு நாம் மேல் பொத்தானிலிருந்து ஆரம்பிப்போம். பிள்ளை இரண்டாவதிலேயே அலுத்து அழும். சிறப்புக் கல்வி ஆசிரியர் எல்லாப் பொத்தானையும் தானே போட்டுவிட்டு, கடைசிப் பொத்தானைப் பாதி துளைக்குள் நுழைத்து வைப்பார். பிள்ளை அதை இழுத்துவிட்டால் போதும், வேலை முடிந்தது, கைதட்டல். சில நாள் கழித்து கடைசி இரண்டு பொத்தான் பிள்ளையுடையது. இப்படியே பின்னாலிருந்து முன்னால் வருவார்கள். ஒவ்வொரு நாளும் பிள்ளை முடித்த சந்தோஷத்தோடுதான் எழுந்திருக்கும். பார்வைத்திறன் பிரிவு எடுத்தால் பிரெயில். ஆறே புள்ளிகள். பலகையில் வைத்து ஊசியால் குத்தும்போது வலமிருந்து இடமாக எழுத வேண்டும், தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாக விரல் படிக்கும். கணிதம் படித்த பெண்ணுக்கு இது பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன். பார்வையற்ற பிள்ளைக்கு வடிவியல் சொல்லித்தர ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தஞ்சாவூரில் இருக்கும் பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசுப் பள்ளியில் விசாரித்துப் பாருங்கள்.

எங்கே படிப்பது? ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த நிறுவனத்தில் மட்டும். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிப்மெட், அதாவது பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், இருக்கிறது. பக்கத்திலேயே திருச்சியில் ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியலுக்கென்று தனித் துறையே உண்டு. அங்கும் போய் விசாரியுங்கள். எந்தக் கல்லூரியாக இருந்தாலும், அந்த வருடத்துக்கு, அந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று ஆர்.சி.ஐ. இணையதளத்தில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள். படிப்பை முடித்து அவர்களின் பதிவேட்டில் எண் வாங்கினால்தான் இந்தத் தொழிலைச் செய்ய முடியும். பதிவு இல்லாமல் செய்தால் 1992 சட்டப்படி குற்றம்.

வேலை? ஒளிக்காமல் சொல்கிறேன். இங்கே பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள், சம்பளம் சுமார். ஆனால் 2021-இல் உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று சிறப்பு ஆசிரியர் விகிதத்தைச் சொல்லிவிட்டது. 2025-இல் மறுபடியும் மாநிலங்களைக் கூப்பிட்டு, பணியிடங்களை அறிவியுங்கள் என்றது. அரசு வேலை நாளைக்கே வந்துவிடும் என்று நம்பி உட்கார வேண்டாம். ஆள் தேவை என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

வெளிநாட்டு ஆசை அப்படியே இருக்கட்டும். 1970-இல் தொடங்கிய ஐ.நா. தன்னார்வலர் திட்டம் இருக்கிறது, தலைமையகம் ஜெர்மனியில் பான் நகரம். 18 முதல் 26 வயது வரை இளைஞர் பிரிவு, அதற்கு மேல் தொழில் அனுபவம் உள்ளவர்களுக்குத் தனிப் பிரிவு. தேர்வானவர்களுக்கு மாதப் படி, பயணச் செலவு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எந்தக் கட்டத்திலும் கட்டணம் கிடையாது. ஐ.நா. பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் அது மோசடி. போட்டி கடுமைதான். வெறும் ‘குழந்தைகளை எனக்குப் பிடிக்கும்’ என்று எழுதினால் விண்ணப்பம் அடியில் போய்விடும். ‘சிறப்புக் கல்வி படித்தேன், இத்தனை வருடம் இத்தகைய பிள்ளைகளோடு வேலை பார்த்தேன்’ என்று எழுத முடிந்தால் கதை வேறு. 18 வயதானால் வீட்டிலிருந்தே இணையவழித் தன்னார்வலராகவும் சேரலாம், அதற்குச் சம்பளமும் இல்லை, செலவும் இல்லை. மகள் அதை இந்த வாரமே தொடங்கலாம்.

பணம் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். நகை சொசைட்டிக்குப் போக வேண்டாம். படிப்புக்காக என்றால்கூட முதலில் அரசு நிறுவனம், உதவித்தொகை, பிறகு வங்கிக் கல்விக் கடன், நகை கடைசியில். கம்போடியாவுக்கு என்றால் எந்த வரிசையிலும் இல்லை. “மனவளர்ச்சி குறைந்த பிள்ளைகளோடு வேலை என்றால் மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது?” என்று யாராவது கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். “டீச்சர்” என்று சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற வீட்டில் பெண் கொடுக்கவும் யோசியுங்கள்.

கொழுந்தனாரிடம் நேரடியாக வேண்டாம் என்று சொல்லச் சங்கடமாக இருந்தால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள். விண்ணப்பம் போடும் முன் மகள் உங்கள் வட்டார வள மையத்துக்குப் போய், அனுமதி கேட்டு, ஒரு வாரம் சிறப்புப் பயிற்றுநரோடு உட்கார்ந்து பார்க்கட்டும். வீட்டுக்கே போய்ச் சொல்லித்தருகிற நாள் இருந்தால் அதற்கும் கூடப் போகட்டும். கட்டிலை விட்டு எழ முடியாத பிள்ளையையும் பார்த்துவிட்டு வந்து, அப்புறமும் இதுதான் வேண்டும் என்றால் சேருங்கள். தயங்கினால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், வேறு வழி பார்ப்போம். வெளிநாட்டுக்கென்று இப்போது செய்யவேண்டிய செலவு ஒன்றுதான்: பாஸ்போர்ட். 1,500 ரூபாய், தஞ்சாவூரிலேயே எடுக்கலாம்.