சென்னையில் சொகுசு அடுக்குமாடி வீடு பார்க்கப் போகிறோம், எதைக் கவனிக்க வேண்டும்?

ஓ.எம்.ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், இருபது மாடிக்கு மேல் உள்ள கட்டடத்தில் மூன்று பெட்ரூம் வீடு பார்க்கப் போவதாகவும், இதுதான் முதல் தடவை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், லோன் எவ்வளவு கிடைக்கும் என்று ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றாலும் நான் சொல்வது பொருந்தும்.

கைப்பையில் ஒரு இன்ச் டேப் போட்டுக்கொண்டு போங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எனக்கு அது எப்போதும் பையிலேயே கிடக்கும், ஏனென்றால் நான் அம்பத்தூரில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன யூனிட் நடத்துகிறேன். "சீருடை தைக்கிறவளுக்கு லக்சுரி ஃப்ளாட்டா" என்று கேட்க நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திவிட்டு அடுத்த பதிலுக்குப் போகலாம். ஜி.எஸ்.டி. கட்டி, வருமான வரி கட்டிச் சேர்த்த பணம்.

என்னோடு தம்பி வந்தான். கார் ஓட்டுவதற்காக வந்தான், அவ்வளவுதான். ஆனால் கோட் போட்ட அந்த விற்பனைப் பையன் வாசலில் இருந்தே அவனைப் பிடித்துக்கொண்டான். "சார், பட்ஜெட் எவ்வளவு சார்? சார், எந்த ஃப்ளோர் பிரிஃபரன்ஸ்?" தம்பி பாவம், "என்னைக் கேக்காதீங்க, செக்குல கையெழுத்துப் போடறது அக்கா" என்று சொல்லிப் பார்த்தான். உடனே அந்தப் பையன் என் பக்கம் திரும்பி, "மேடம், மாடுலர் கிச்சன் பாருங்க, உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றான். வீட்டில் சமையலறை ஒன்றுதான் எனக்குப் புரியும் என்று முடிவே பண்ணிவிட்டான். நீங்கள் மனைவியாக இருந்து இதைப் படித்தால், உங்களுக்கும் இது நடக்கும், தயாராகப் போங்கள்.

முதலில் வரவேற்பறையில் காப்பி கொடுத்து, கட்டடத்தின் குட்டி மாதிரியைக் காட்டினார்கள். நீச்சல் குளம், பேட்மிண்டன் கோர்ட், குட்டிக் குட்டி மரங்கள், எல்லாம் அழகு. எனக்குக் காட்டிய வீடு கிழக்குப் பார்த்தது. பக்கிங்காம் கால்வாயைத் தாண்டிக் கடல் தெரியும் என்று அதற்குத் தனியாக ஒரு தொகை சேர்த்திருந்தார்கள். அந்தப் பக்கம் மாதிரியில் ஒரு பெரிய பச்சைப் புல்வெளி. "இந்தப் பச்சை யாருது?" என்று கேட்டேன். கொஞ்சம் இழுத்தான். "அது ஃபேஸ் டூ மேடம்." அதாவது இதே திட்டத்தில் அடுத்துக் கட்டப்போகும் பகுதி. எத்தனை மாடி? "இன்னும் ஃபைனலைஸ் ஆகலை மேடம்." சரி, அப்படியென்றால் கடலுக்கு நான் கொடுக்கும் பணம் ஃபேஸ் டூ எழும்பும் வரைக்கும்தான். மாதிரியில் பச்சையாக இருக்கும் ஒவ்வொரு இடத்தையும் தொட்டுக் காட்டி, யாருடையது, என்ன வரப்போகிறது என்று கேளுங்கள். பதிலை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். வாயால் சொல்லும்போது கடல் தெரியும், மெயிலில் எழுதும்போது தெரியாது.

அப்புறம் பேட்டரி வண்டியில் மாடல் ஃப்ளாட்டுக்குக் கூட்டிப்போனார்கள். நான் அதிகம் எழுத நினைத்தது இந்த இடத்தைப் பற்றித்தான். உள்ளே போனதும் வீடு அரண்மனை மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தபிறகுதான் காரணம் புரிந்தது. ஒரு அறைக்கும் கதவு கிடையாது, வெறும் நிலை மட்டும். கதவு திறக்கிற இடம் மிச்சம். பீரோ கிடையாது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. சாப்பாட்டு மேசையின் அகலத்தைப் பார்த்தால் அதில் எதிரெதிரே இரண்டு இலை போட முடியாது. வாஷிங் மெஷின் எங்கே, கிரைண்டர் எங்கே, துணி எங்கே காயப்போடுவது? ஒன்றுக்கும் இடம் காட்டவில்லை. பால்கனியில் காயப்போடலாமா என்றால், "எலிவேஷன் கெட்டுடும் மேடம், அசோசியேஷன் அலவ் பண்ணாது."

பெட்ரூமில் கட்டிலைப் பார்த்ததும் என் கண்ணுக்கு ஏதோ உறுத்தியது. முப்பது வருஷமாக அளவெடுக்கிற கண். டேப்பை எடுத்து நீளவாட்டில் வைத்தேன். தையல் டேப் 60 இன்ச். அது முடிந்து இன்னும் ஆறு இன்ச்சில் கட்டில் முடிந்துவிட்டது. கடையில் வாங்கும் மெத்தையின் நீளம் பெரும்பாலும் 75 அல்லது 78 இன்ச். தம்பியைப் படுக்கச் சொன்னேன். வெட்கப்பட்டான், அதட்டினேன், படுத்தான். கால் வெளியே தொங்கியது. "அது டிசைனர் காட் மேடம்" என்றான் பையன். நல்ல டிசைன். அந்த அறை ஒரு பக்கம் பத்தடி. நம் வீட்டுக் கட்டில் ஆறரை அடி, எதிரே பீரோ இரண்டடி, மிச்சம் ஒன்றரை அடி. அதில் பீரோக் கதவைத் திறந்துகொண்டு நிற்க முடியுமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இதைச் சொன்னால், "மாடல் ஃப்ளாட்டுன்னா அப்படித்தான், எல்லாரும் செய்யறதுதானே" என்று சிலர் வருவார்கள். எல்லாரும் செய்யலாம். ஆனால் வீடு வாங்குகிறவர்களைப் பாதுகாக்க 2016-ல் வந்த ரெரா சட்டத்தின் 12-வது பிரிவு மாடல் ஃப்ளாட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் கொடுத்து, அதில் இருந்த தவறான தகவலால் நஷ்டப்பட்டால், விற்றவர் ஈடு கட்ட வேண்டும். அதனால் மாடல் ஃப்ளாட்டின் ஒவ்வொரு மூலையையும் போட்டோ, வீடியோ எடுங்கள். எங்களை முதலில் எடுக்கவிடவில்லை. "அப்போ நாங்க கிளம்பறோம்" என்றதும் விட்டார்கள்.

இனி சதுர அடிக் கணக்கு. விலைத்தாளில் 1,850 சதுர அடி, அடிக்கு 9,500 ரூபாய், ஆக 1.75 கோடிக்குக் கொஞ்சம் மேல். இந்த 1,850 சூப்பர் பில்டப் கணக்கு. படிக்கட்டு, லிஃப்ட், கிளப் ஹவுஸ் எல்லாவற்றிலும் நம் பங்கைப் பிரித்து ஏற்றியது. கார்பெட் ஏரியா எவ்வளவு என்று கேட்டதற்கு, "அது அக்ரிமென்ட்ல வரும் மேடம்" என்றான். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டால் போதும், அங்கே இருக்கும். அங்கேயே நின்று போனில் பார்த்தேன். 1,240. சட்டப்படி கார்பெட் ஏரியா என்றால் வெளிச்சுவர், குழாய்கள் போகும் ஷாஃப்ட், பால்கனி எல்லாம் போக உள்ளே புழங்கும் இடம். உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர் மட்டும் அதில் சேரும். 1.75 கோடியை 1,240-ஆல் வகுத்தால் அடிக்கு 14,000 ரூபாய்க்கு மேல் போகிறது. துணிக்கடையில் மீட்டர் 95 ரூபாய் என்று சொல்லி முக்கால் மீட்டர்கூட வராமல் வெட்டிக் கொடுத்தால் சும்மா விடுவோமா?

அதற்கு மேல் மாடி ஏற ஏறக் கூடும் விலையான ஃப்ளோர் ரைஸ், கார் பார்க்கிங், கிளப் மெம்பர்ஷிப், பிற்காலப் பராமரிப்புக்கு முன்கூட்டியே வாங்கி வைக்கும் கார்ப்பஸ் ஃபண்ட், ஈ.பி., மெட்ரோ வாட்டர் டெபாசிட் என்று தாளின் பின்பக்கம் தனி உலகம். கட்டி முடிக்காத வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பத்திரச் செலவு, 2023 டிசம்பரில் இருந்து புது ஃப்ளாட்டுக்கு வீடும் நிலமும் சேர்ந்த மதிப்பின் மேல். 50 லட்சத்தில் இருந்து 3 கோடி வரை முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 7 சதவீதம். இந்த 12 சதவீதமே 21 லட்சம் வருகிறது. பெண்கள் பெயரில் வாங்கினால் சலுகை உண்டு என்று தம்பி எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னான். உண்டு, 2025 ஏப்ரலில் இருந்து பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம், 10 லட்சம் வரைக்குமான சொத்துக்கு. சென்னையில் 10 லட்சத்துக்கு அந்த மாடல் ஃப்ளாட்டின் பாத்ரூம் வரும்.

கடன் பேச்சு வந்தபோது, மூன்று வருஷ வரிக் கணக்கோடு "ரெகுலர் கேஷ் ஃப்ளோ" காட்ட வேண்டும் என்றார்கள். இந்த இடத்தில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறேன், கேட்டவர் மன்னிக்கவும். நான் தைத்துக் கொடுக்கும் ஒரு பெரிய பள்ளி மே மாதமே பெற்றோரிடம் சீருடைப் பணத்தை மொத்தமாக வாங்கிவிடுகிறது. எனக்குப் பணம் வருவது தீபாவளி தாண்டி. அதிலும் "காலர் கொஞ்சம் கோணல்" என்று பிடித்தம். ஆறு மாசம் பிள்ளைகள் போட்டுத் துவைத்த சட்டைக்கு! சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் போட்டாயிற்று. அதைக் காட்டிக் கேட்டால் அடுத்த வருஷ ஆர்டர் வேறு ஆளுக்குப் போகும். என்னிடம் தைக்கும் பெண்களுக்கு நான் சனிக்கிழமை சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். இதில் ரெகுலர் கேஷ் ஃப்ளோவுக்கு நான் எங்கே போவேன்? சரி, விடுங்கள்.

மாடல் ஃப்ளாட்டோடு திரும்பிவிடாதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் வீடு இருக்கும் மாடிக்கே போக வேண்டும். பாதுகாப்பு, இன்ஷூரன்ஸ் என்று மறுப்பார்கள். நாங்கள் விடாமல் நின்றதில் ஹெல்மெட் மாட்டி வேலையாட்கள் போகும் லிஃப்டில் கூட்டிப்போனார்கள். மேலே போனால்தான் பக்கத்து டவரின் சமையலறை ஜன்னல் நம் ஹாலைப் பார்க்கிறதா, ஜெனரேட்டர் புகைக்குழாய் எந்தப் பக்கம் என்பதெல்லாம் தெரியும். நடுவில் ஒரு மாடியில் திறந்த வராந்தா ஒன்று இருந்தது. "ஸ்கை லவுஞ்ச், இங்க பார்ட்டி வச்சுக்கலாம்" என்றான். கூட வந்த சைட் இன்ஜினியர் நல்ல மனுஷர், "இல்லம்மா, அது ரெஃப்யூஜ் ஏரியா, தீப்பிடிச்சா ஒதுங்கி நிக்கற இடம்" என்று சொல்லிவிட்டார். இவ்வளவு உயரமான கட்டடத்தில் இப்படி ஓர் இடத்தைக் காலியாக விட வேண்டும் என்பது தேசியக் கட்டட விதி. அதையே சொகுசு வசதியாக விற்கப் பார்க்கிறார்கள்.

லிஃப்ட் கணக்கும் கேளுங்கள். மாடிக்கு எட்டு வீடு, 24 மாடி, 192 வீட்டுக்கு நான்கு லிஃப்ட். அதில் ஒன்று சர்வீஸ் லிஃப்ட். "மெய்டு எல்லாம் அதுலதான் மேடம் வரணும், நீங்க அவங்களைப் பார்க்கவே வேண்டியதில்ல" என்று அதைப் பெருமையாகச் சொன்னான். என் யூனிட்டில் தைக்கும் பெண்கள் என் வீட்டுக்கு வந்தால் எந்த லிஃப்டில் வருவார்கள் என்று கேட்டேன். அவன் தம்பியைப் பார்த்தான். தம்பி ஜன்னலைப் பார்த்தான்.

"ஸ்ட்ரக்சர் பத்திக் கவலையே வேண்டாம்" என்பதும் அவர்கள் பாடத்தில் ஒரு வரி. 2014-ல் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்த ஊரில் கவலைப்படாமல் எப்படி? வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர்கள் செலவிலேயே சரிசெய்ய வேண்டும் என்று ரெரா சொல்கிறது. அக்ரிமென்டில் அதைக் குறைத்து எழுதியிருக்கிறார்களா என்று வக்கீலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நான் வக்கீல் இல்லை, தாய்ப்பத்திரம், வில்லங்கம், நிலத்தில் நம் பங்கான யு.டி.எஸ். எல்லாம் அவர் வேலை.

முக்கியமான விசாரணையை வெளியே வந்து டீக்கடையில் செய்தோம். முதல் ஃபேஸில் குடியிருக்கும் ஒருவர் அங்கே நின்றிருந்தார். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் லாரிதான், அந்தச் செலவு தனியாம். மெயின்டெனன்ஸ் சதுர அடிக்கு நாலரை ரூபாய், அதுவும் 1,850-க்கு, மாதம் 8,325. ஒரு வீட்டுக்கு 7,500-ஐத் தாண்டினால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வந்து உட்காரும், கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்கு பேஸ்மென்ட் பார்க்கிங்கில் தண்ணீர் நிற்குமா என்றதற்கு அவர் பதில் சொல்லாமல் தன் பைக்கை மட்டும் காட்டினார், வெளியே ரோட்டோரம் நிறுத்தியிருந்தார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கட்டிக்கொண்டே போனால் தண்ணீர்தான் எங்கே போகும்?

கிளம்பும்போது, "இன்னைக்கு ரெண்டு லட்சம் போட்டா இந்த ரேட், நாளைக்கு ஏறிடும்" என்றார்கள். இந்த வார்த்தைக்கு அசையாதீர்கள். பதிவு செய்த அக்ரிமென்ட் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு லட்சம் பத்து சதவீதத்துக்குள் வந்துவிடும், அதுதான் சூட்சுமம். புக்கிங் ஃபாரத்தின் பின்பக்கத்தில், வேண்டாம் என்றால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று சின்ன எழுத்தில் இருந்தது. படித்தேன், மடித்துப் பையில் வைத்தேன், பணம் போடவில்லை. அடுத்த வாரம் போன் வந்தது, அதே ரேட்.

நான் பில்டர்களுக்கு எதிரி இல்லை. ஒழுங்காகக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், உயரத்தில் வரும் கடல் காற்றும் நிஜம்தான். இப்போது கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் வாங்கிய வேறொரு கட்டடத்தில், விற்காமல் மிச்சமிருக்கும் ஒரு வீட்டைப் பேசிக்கொண்டிருக்கிறேன். கட்டி முடித்ததற்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாடல் ஃப்ளாட்டும் கிடையாது, வாங்கப்போகும் வீட்டையே அளக்கலாம். அளந்தும் பார்த்துவிட்டேன், கட்டிலும் பீரோவும் நிற்கும். இரண்டாவது கார் பார்க்கிங்குக்கு ஐந்து லட்சம் கேட்கிறார்கள், என்னிடம் ஒரு காரே கிடையாது, தம்பியுடையதுதான். அது வேண்டாம், அதற்குப் பதில் கார்ப்பஸில் குறையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பதில் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.