திக்கிப் பேசும் குழந்தை: நாக்கை வெட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. எட்டு மாதமாகத் திக்குகிறான். 'அ... அ... அம்மா' என்கிறான், சில நேரம் வாய் திறந்தபடி சத்தமே வராமல் நிற்கிறான். நாக்குக்கு அடியில் ஒட்டியிருப்பதை வெட்டினால் சரியாகும் என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்துப் பழகியது என்கிறார்கள் சிலர். என் கணவருக்கும் கொஞ்சம் திக்கும். என்ன செய்வது?

பதில்: வெட்ட வேண்டாம். அவன் பாட்டுப் பாடும்போதும் தனியாகப் பொம்மையோடு பேசும்போதும் கவனியுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்போது திக்கல் வெகுவாகக் குறைந்துவிடும். நாக்கு அதே நாக்குதானே? பேச்சசைவுகளை உரிய நொடியில் தொடங்கிவைக்கும் மூளையின் வேலையில்தான் தடங்கல். இதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. யாரையும் பார்த்து ஒட்டிக்கொள்வதில்லை. உங்கள் வளர்ப்பிலும் குறையில்லை.

நாக்கில் வசம்பு உரசுவதால் பயனில்லை. வாயில் கூழாங்கல் போட்டுப் பேசவைப்பது ஆபத்து, மூச்சுக்குழாயில் சிக்கிவிடும்.

'வளர வளரச் சரியாகும்' என்பது பாதி உண்மை. சிறு வயதில் தொடங்கும் திக்கல் ஏறக்குறைய நான்கில் மூன்று குழந்தைகளுக்குத் தானாகவே மறைகிறது. ஆனால் உங்கள் மகன் ஆண் குழந்தை, மூன்றரை வயதுக்குப் பிறகு தொடங்கியிருக்கிறது, ஆறு மாதம் தாண்டிவிட்டது, அப்பாவுக்கு இன்னும் திக்குகிறது. இவை எல்லாம் திக்கல் நீடிக்கும் வாய்ப்பைக் கூட்டுபவை. காத்திருக்காதீர்கள்.

வீட்டில் முதலில் நிறுத்த வேண்டியது, 'மெதுவாப் பேசு', 'மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு' என்ற அறிவுரைகளை. அன்பாகச் சொன்னாலும், அவன் ஒவ்வொரு சொல்லையும் பயத்தோடு தள்ளத் தொடங்குவான். கண்ணை இறுக்குவது, காலை உதைப்பது சேர்ந்துகொள்ளும். அதைவிடக் கவலையானது, வராத சொல்லைத் தவிர்த்து அவன் வாயை மூடிக்கொள்வது. வீட்டார் குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள். வேகத்தைக் குறைக்க வேண்டியது நீங்கள்தான். அவன் முடித்ததும் ஒன்றிரண்டு நொடி விட்டுப் பதில் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும். சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். தினமும் ஐந்து நிமிடம் போனை ஒதுக்கிவிட்டு, அவன் விரும்பும் விளையாட்டில் கூட உட்காருங்கள். 'எனக்கு ஏன் வரமாட்டேங்குது?' என்று கேட்டால், 'சில நேரம் வார்த்தை சிக்கிக்கும், பரவாயில்ல, அம்மா கேட்டுட்டுதான் இருக்கேன்' என்று நேராகச் சொல்லுங்கள்.

இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். சென்னை முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான மத்திய அரசு நிறுவனமும், மைசூருவில் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமும் இருக்கின்றன. திக்கல் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். பயிற்சியாளர் முன்னால் வராமலே போகலாம். அதனால் நல்ல நாளிலும் மோசமான நாளிலும் அவன் பேசுவதைச் சில நிமிடம் வீடியோ எடுத்துப் போங்கள். இந்த வயதில் லிட்காம் என்ற முறை நன்றாகப் பயன்படுகிறது: திக்காமல் பேசியதைப் பெற்றோர் அளவோடு பாராட்டுவார்கள், தினமும் திக்கலுக்கு மதிப்பெண் குறிப்பார்கள். பயிற்சியாளர் இல்லாமல் நீங்களாகத் தொடங்க வேண்டாம், பாராட்டே நச்சரிப்பாகிவிடும். திக்கலை நிரந்தரமாகப் போக்கும் மாத்திரை எதுவும் இல்லை. பத்து நாளில் குணம் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

பள்ளி ஆசிரியையிடம் முன்பே பேசுங்கள். அவனை விட்டுவிட்டு அடுத்த குழந்தையைக் கேட்க வேண்டாம். அவன் முடிக்கும்வரை காத்திருந்தால் போதும்.

கணவரிடமும் ஒன்று சொல்லுங்கள். மகன் முன்னால் திக்கலை மறைக்க வேண்டாம். கடையில் கேட்பதையும் போனில் பேசுவதையும் உங்களிடம் தள்ளிவிடாமல், திக்கினாலும் அவரே பேசி முடிக்கட்டும்.