ஜான்சன் திறக்காத கதவு – கடிதம்

வணக்கம் ஐயா,

கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் சாம் லாங்ஃபோர்டு பற்றிப் படித்த அன்று தூக்கமே வரவில்லை. பார்வை போய், நியூயார்க்கின் ஹார்லமில் ஓர் அறையில் தனியாகக் கிடந்தாராமே! எல்லாம் விதி. அவரும் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த ஜாக் ஜான்சனும் மறுபடி மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்?

– ஒரு கல்லூரி மாணவன்

அன்புள்ள தம்பி,

முகம் தெரியாத ஒருவருக்காகத் தூக்கம் கெட்டது நல்ல மனசு. அதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். நானும் கொஞ்ச நாளாக லாங்ஃபோர்டைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் விதி என்று முடித்துவிட்டீர்களே, அதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். அவரை அங்கே கொண்டுபோய் விட்டது மனிதர்கள். அவர்களில் ஒருவர் ஜான்சன்.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து பாஸ்டன் வந்தவர் லாங்ஃபோர்டு. 1903-இல் லைட்வெயிட் (குறைந்த எடைப் பிரிவு) உலக சாம்பியன் ஜோ கேன்ஸைப் புள்ளிகளில் வென்றார். ஆனால் அது பட்டத்துக்கான போட்டி இல்லை. 1906-இல் ஜான்சனோடு 15 சுற்றும் நின்று தோற்றார். ஜான்சனைவிட ஏறத்தாழ அரையடி குள்ளம், எடையும் வெகு குறைவு. அப்புறம் லாங்ஃபோர்டின் உடம்பு தேறி, அடி கனமாகிவிட்டது. அது ஜான்சனுக்கும் தெரியும்.

1908-இல் சிட்னியில் அப்போதைய சாம்பியன் டாமி பர்ன்ஸை அடித்து ஜான்சன் ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) உலகப் பட்டம் வாங்கினார். கறுப்பர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை. ஆறு ஆண்டுக்கு மேல் பட்டம் அவர் கையில் இருந்தது. அதற்குள் அவர் வாய்ப்பு கொடுத்த ஒரே கறுப்பர், 1913-இல் பாரிஸில் மோதிய பேட்லிங் ஜிம் ஜான்சன். லாங்ஃபோர்டுக்கு இல்லை, ஜோ ஜெனட்டுக்கு இல்லை, சாம் மெக்வேக்கு இல்லை; இவர்களும் கறுப்பின வீரர்கள்தான். வெள்ளையரோடு மோதினால்தான் பெரிய வசூல் என்பார்கள். சரி, வசூல் உண்மைதான். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவரைக் குற்றவாளியாக்கியதும், அவர் நாட்டைவிட்டே ஓடியதும் எனக்குத் தெரியும். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் தம்பி, பர்ன்ஸை ஆஸ்திரேலியாவரை துரத்திப்போய் வாய்ப்பு வாங்கிய மனிதர் அவர். பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கா தெரியாது? அதனால்தான் என்னால் அவரை விட முடியவில்லை.

வெளியே நின்றவர்கள் என்ன செய்வார்கள்? ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். ஜெனட், மெக்வே, இன்னொரு கறுப்பின வீரர் ஹாரி வில்ஸ் ஒவ்வொருவரோடும் லாங்ஃபோர்டு பத்துத் தடவைக்கு மேல் மோதினார். கண் கெட்ட பிறகும் கூலிக்காக மேடையேறினார். 1923-இல் மெக்ஸிகோவில் பட்டம் ஜெயித்தபோது பார்வை ஏறக்குறைய போய்விட்டது. ஆல் லேனி என்ற பத்திரிகையாளர் 1944-இல் அவரைத் தேடிக் கண்டுபிடித்து எழுதிய பிறகு எல்லோரும் உருகி நிதி திரட்டினார்கள். உழைத்த காலத்தில் உரிய சண்டையைக் கொடுத்திருந்தால் அந்த நன்கொடை எதற்கு?

யார் ஜெயித்திருப்பார் என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். 1915-இல் ஜான்சன் பட்டத்தை இழந்த பிறகு, 1937-இல் ஜோ லூயிஸ் வரும்வரை எந்தக் கறுப்பருக்கும் அந்தப் பட்டத்துக்கு மோத வாய்ப்பே இல்லை. ஹாரி வில்ஸோடு மோத, 1920-களில் சாம்பியனாக இருந்த ஜாக் டெம்ப்சி ஒப்பந்தமே போட்டார். சண்டை மட்டும் நடக்கவில்லை. வில்ஸைப் பற்றிப் படித்துவிட்டு எழுதுங்கள், அதையும் பேசுவோம்.