பனியுக ஆய்வும் களப்பயணமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பனியுகச் சூழல்களை ஆராய்பவர்களின் உலக மாநாடு 2027இல் லக்னோவில் கூடவிருப்பதையும், இத்தகைய மாநாடுகளை ஒட்டிப் பயிலரங்குகளும் பல நாள் களப்பயணங்களும் நடப்பதையும் எழுதியிருந்தீர்கள். செயற்கைக்கோள் படங்களும் இணையவழிக் கூட்டங்களும் வந்துவிட்ட பிறகு, பேருந்து நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு மண்மேட்டைப் பார்க்கப் போவதில் அறிவியல் எங்கே இருக்கிறது? மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதாதா? பொதுப்பணத்தில் நடக்கும் சுற்றுலா என்றே எனக்குப் படுகிறது.

கே., திருச்சி

அன்புள்ள கே.,

செலவைப் பற்றிய உங்கள் குறை பாதி நியாயமானது. இந்தப் பயணங்களின் கட்டணம் இளம் ஆய்வாளர்கள் பலருக்கு எட்டுவதில்லை. உருப்படியாக எதையும் விவாதிக்காமல் குழுப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களும் உண்டு. ஆனால் அறிவியல் எங்கே என்ற கேள்விக்கு, இதே மாநாட்டை ஒட்டி 1965இல் நடந்த ஒரு களப்பயணத்தைச் சொல்வதுதான் நேரான பதில்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கிழக்கில், மேல்மண் அரித்துக் கொண்டுபோகப்பட்டு, எரிமலைக் கரும்பாறை வெளியே தெரிய, தண்ணீரில்லாத பெரும் பள்ளத்தாக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஒரு பீடபூமி இருக்கிறது. அங்கே ‘டிரை ஃபால்ஸ்’ எனப்படும் வறண்ட அருவி ஏறத்தாழ 120 மீட்டர் உயரமும் 5 கிலோமீட்டருக்கு மேல் அகலமும் கொண்டது. ஜே ஹார்லன் பிரெட்ஸ் என்ற நிலவியலாளர் அந்த நிலத்தைக் கால்நடையாக அளந்து, பனியுகத்தின் இறுதிக்கட்டத்தில் வந்த மாபெரும் வெள்ளமே இதையெல்லாம் அறுத்தது என்று 1923 முதல் எழுதத் தொடங்கினார். நிலம் மெல்ல மெல்லவே உருமாறும் என்பது அன்றைய நிலவியலின் அடிப்படை நம்பிக்கை. திடீர் வெள்ளம் என்றாலே விவிலியத்தில் வரும் நோவாவின் பிரளயக் கதையைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருவதாக ஐயப்பட்டார்கள். 1927 ஜனவரியில் தலைநகர் வாஷிங்டனில் கூடிய கூட்டத்தில் மூத்த நிலவியலாளர்கள் ஒருவர்பின் ஒருவராக அவரை மறுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தப் பீடபூமியில் காலடி வைத்தவர்கள் அல்லர். அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டது மட்டும் நியாயமான கேள்வி; அதற்கு அன்று பிரெட்ஸிடம் தகுந்த விடை இல்லை.

விடை மொன்டானா மாநிலத்தில் இருந்தது. வடக்கிலிருந்து இறங்கிய பனிநாக்கு ஒன்று கிளார்க் ஃபோர்க் ஆற்றின் பள்ளத்தாக்கை அடைத்து, அணையருகே சுமார் 600 மீட்டர் ஆழமுள்ள மிசூலா என்ற ஏரியைத் தேக்கியிருந்தது. அந்த அணை உடைந்து ஏரி வடிந்த வேகத்தில், ஆற்றுமணலில் நாம் காணும் அலைவரிகளைப் போன்றவை பல மீட்டர் உயரச் சரளை மேடுகளாக உருவாகிக் கிடப்பதை நிலவியலாளர் ஜோசப் பார்டீ 1942இல் விரிவாக எழுதினார். அதற்குப் பிறகும் எதிர்ப்பு அடங்கவில்லை. 1965இல் கொலராடோவில் மாநாடு கூடியபோதுதான் பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து அந்த நிலத்தின் ஊடே பயணம் செய்தார்கள். எண்பதைக் கடந்திருந்த பிரெட்ஸ் உடன் செல்லவில்லை. “இப்போது நாங்கள் எல்லோரும் பேரழிவுவாதிகள்” என்று முடியும் தந்தி ஒன்றை அவர்கள் அவருக்கு அனுப்பினார்கள். திடீர்ப் பேரழிவுகளும் நிலத்தை உருமாற்றும் என்பவர்களைக் குறிக்கும் சொல் அது. நாற்பது ஆண்டு அச்சுச் சண்டைக்குப் பிறகு அந்தத் தந்தியை எழுதவைத்தது பேருந்துப் பயணம்தான்.

வானிலிருந்து பார்ப்பதன் பயனை நான் மறுக்கவில்லை. அந்தச் சரளை அலைவரிகள் தரையில் நிற்பவருக்குச் சாதாரண மேடுகளாகத்தான் தெரியும். வான்படத்தில்தான் வரிசை புலப்படும். ஆனால் வெள்ளம் வந்தது ஒருமுறையா பலமுறையா என்ற அடுத்த சண்டைக்கு வான்படம் உதவவில்லை. அதே வாஷிங்டன் மாநிலத்தின் வல்லா வல்லா நகருக்கு அருகே, பாசனக் கால்வாயிலிருந்து திருப்பிவிடப்பட்ட நீர் 1926இல் சில நாட்களிலேயே அறுத்த பர்லிங்கேம் என்ற ஆழமான ஓடை இருக்கிறது. அதன் சுவரில் ஏறக்குறைய 40 வண்டல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. ஒரே வெள்ளம் பலமுறை ஏறி இறங்கியதன் தடம் என்று சிலர் அவற்றை விளக்கினார்கள். நிலவியலாளர் ரிச்சர்ட் வெயிட் 1980இல் வேறு விதமாக வாசித்தார். ஓர் அடுக்கின் தலையில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் வெண்சாம்பல் மெல்லிய பட்டைகளாகக் கலையாமல் படிந்திருக்கிறது. புரண்டோடும் வெள்ளத்தினிடையே அது அப்படிப் படிந்திருக்க முடியாது, தரை காய்ந்து கிடந்தபோதே விழுந்திருக்க வேண்டும், ஆகவே ஒவ்வோர் அடுக்கும் தனி வெள்ளம் என்பது அவர் வாதம். சாம்பலுக்குக் கீழுள்ள பரப்பு காற்றுப்பட்டுக் கிடந்ததா என்பதைச் சுவரைச் சுரண்டிப் பார்த்து, மறுப்பவரையும் அருகில் நிறுத்தித்தான் பேச முடியும்.

மாதிரியை அனுப்பினால் போதாதா என்கிறீர்கள். மணல்துகள் கடைசியாக வெயில் பட்டது எப்போது என்று கணக்கிடும் முறையில், வெட்டிய மண்சுவருக்குள் உலோகக் குழாயை அடித்து இறக்கி, வெளிச்சம் புகாமல் வாயை அடைத்து எடுப்பார்கள். அதே இடத்தில் எப்போதோ ஓர் எலி வளை தோண்டி, மேலடுக்கின் மணல் உள்ளே சரிந்திருந்தால், ஆய்வகம் எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டாலும் கிடைப்பது தவறான காலம். குழாயை எங்கே இறக்குவது என்பதைப் பற்றிய தகராறு அந்தச் சுவரின் முன்னால்தான் நடந்தாக வேண்டும். செலவைக் குறைப்பதானால் அரங்க உரைகளை இணையத்துக்கு மாற்றட்டும். களத்துக்கு ஒதுக்கிய நாட்களில் கைவைக்க வேண்டாம் என்பேன்.