திட்டம் போட்டால் நினைத்ததைச் செய்து முடிப்போமா?

"நாளையிலிருந்து உடற்பயிற்சி" என்பவர்களில் பலர் தொடங்குவதே இல்லை, திட்டம் போட்டால் இது மாறுமா என்று கேட்கிறீர்கள். மாறும், ஆனால் எந்த மாதிரித் திட்டம் என்பதில்தான் விஷயம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சொல்வது, "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று நேரத்தோடும் இடத்தோடும் முடிச்சுப் போட்டுவைத்தால், அந்தச் சூழல் வந்ததுமே செயல் தானாக நினைவுக்கு வந்துவிடும், அந்த நேரத்தில் மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் நல்ல பலனே தெரிந்தது.

அதற்காக மந்திரம் என்று நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஃப்ளூ தடுப்பூசி நினைவூட்டலில் தேதியும் நேரமும் எழுதிவைக்கச் சொன்னபோது, போட்டுக்கொண்டவர்கள் சுமார் 33 சதவீதத்திலிருந்து 37 ஆனார்கள், அவ்வளவுதான். அப்புறம், விருப்பமே இல்லாத காரியத்துக்கு எவ்வளவு துல்லியமாகத் திட்டம் போட்டாலும் நடக்காது.