கேள்வி பதில்: ஊர் ஊராக இருந்த ரெஸ்லிங் ஒரே முதலாளியிடம் போன கதை

போன இதழில் ரெஸ்லிங் பற்றி வந்த ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் போட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் பார்த்தால், அரசியல் கேள்விகளுக்குக்கூட இவ்வளவு பேர் எழுதியதில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதுதான். அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இதுவும் கிட்டத்தட்ட அதே விஷயம்தான்.

கிங்காங்கும் தாராசிங்கும் நம்ம பக்கம் வந்து குஸ்தி போட்டதாகத் தாத்தா சொல்கிறார். நிஜமா, அளக்கிறாரா? – வாசகர், ஜெலுத்தோங்

நிஜம்தான் தம்பி, தாத்தாவை நம்பலாம். தாராசிங் 1947இல் பஞ்சாபிலிருந்து சிங்கப்பூர் வந்து, டிரம் செய்யும் ஆலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே கிரேட் வேர்ல்ட் பார்க்கில் குஸ்தி பழகியவர். அப்புறம் கோலாலம்பூரில் தர்லோக் சிங்கைத் தோற்கடித்து இந்த வட்டாரத்துக்கே சாம்பியன் ஆனார். கிங்காங்கின் சொந்தப் பெயர் எமில் சாயா, ஹங்கேரிக்காரர். சிங்கப்பூர், மலாயா, இந்தியா என்று சுற்றிச் சுற்றிச் சண்டை போட்டவர், 1970இல் கார் விபத்தில் பட்ட காயத்தால் இறந்துபோனார்.

அந்தக் காலத்துக் குஸ்தி வியாபாரத்தின் முதலீடே ஒரு ஊரில் நடந்தது அடுத்த ஊருக்குத் தெரியாது என்பதுதான். ஈப்போவில் யார் விழுந்தார் என்று பினாங்கில் யாருக்குத் தெரியும்? டிக்கெட் வாங்கி உள்ளே போனால்தான் தெரியும். அமெரிக்காவிலும் இதே கணக்குதான், ரொம்பப் பெரிய அளவில்.

அமெரிக்காவில் முன்பு ஊருக்கு ஊர் தனித்தனி ரெஸ்லிங் கம்பெனிகள் இருந்தன என்கிறார்கள். பின் எப்படி எல்லாம் ஒரே கம்பெனியாக ஆனது? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். – வாசகர், செந்தூல்

விரிவாகவே சொல்கிறேன், தே தாரிக் ஒன்று ஆர்டர் பண்ணிவிட்டு உட்காருங்கள்.

1948 ஜூலையில் ஐயோவா மாநிலத்தின் வாட்டர்லூ ஊரில் குஸ்தி நடத்தும் முதலாளிகள் சிலர் ஒரு ஹோட்டலில் கூடிப் பேசி நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸ் என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். பேச்சு ரொம்ப எளிது: உன் வட்டாரத்துக்குள் நான் வரமாட்டேன், என் வட்டாரத்துக்குள் நீ வராதே, உலக சாம்பியன் என்று ஒரே ஆளை நாம் எல்லோரும் ஒத்துக்கொள்வோம், அவர் வருஷம் முழுக்க ஒவ்வொரு வட்டாரமாகச் சுற்றுவார். சில வருஷத்தில் நாடு முழுக்க ஆளுக்கு ஒரு பங்கு என்று ஆகிவிட்டது. செயின்ட் லூயிஸ் நகரத்தின் சாம் மச்னிக்தான் பல வருஷம் இதற்குத் தலைவர், எல்லோருக்கும் தேதி பிரித்துக் கொடுத்து, சண்டை மூட்டாமல் பார்த்துக்கொண்ட மனிதர். சொன்ன பேச்சை மீறி யாராவது புதிதாகக் கடை போட்டால், அவரிடம் சண்டை போட்ட ஆளுக்கு வேறெங்கும் வேலை கிடைக்காது. இது சட்டப்படி தப்பு என்று அமெரிக்க நீதித்துறையே 1956இல் இவர்களிடம் கையெழுத்து வாங்கியது. கையெழுத்துப் போட்டார்கள், ஆனால் பழக்கம் லேசில் போகவில்லை.

அந்த உலக சாம்பியன் வேலை இருக்கிறதே, அதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த பகுதி. 1949 முதல் 1956 வரை பெரும்பாலும் லூ தெஸ் கையில் பெல்ட் இருந்தது. அவர் ஒரு ஊருக்குப் போனால் அந்த ஊர் நாயகனை ஒரேயடியாக நசுக்கக் கூடாது. அறுபது நிமிஷம் மூச்சு வாங்க இழுத்து, 'இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்திருந்தால் நம்ம ஆள் பெல்ட்டை வாங்கியிருப்பான்' என்று கூட்டம் புலம்பிக்கொண்டே வீட்டுக்குப் போக வேண்டும், பெல்ட் மட்டும் அவர் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். மறுநாள் வேறு ஊரில் இதே வேலை. கொஞ்ச மாதம் கழித்துத் திரும்பி வந்தால் ஹால் மறுபடி நிரம்பும். பிற்காலத்தில் சாம்பியன் ஆகிறவர் 25,000 டாலர் முன்பணம் கட்டித்தான் பெல்ட்டைத் தூக்கிப் போக முடியும் என்றும் விதி இருந்தது. சாம்பியனாக இருந்த ரிக் ஃபிளேர் 1991இல் தன் கம்பெனியோடு முறைத்துக்கொண்டு கிளம்பியபோது முன்பணம் திரும்ப வரவில்லை என்று பெல்ட்டையும் கையோடு எடுத்துப் போய், எதிர்க் கம்பெனியின் டிவியில் காட்டிக்கொண்டு நின்றார்!

சரி, டிவிக்கு வருவோம். வட்டார முதலாளிக்கு உள்ளூர் டிவி நிலையத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். சின்ன ஸ்டூடியோ, நாலைந்து வரிசை நாற்காலி, பெயர் தெரியாத ஒரு பாவப்பட்ட ஆளை ஸ்டார் ரெண்டு நிமிஷத்தில் கவிழ்ப்பார், பிறகு மைக்கைப் பிடித்து எதிராளியைக் கண்டபடி திட்டுவார். அந்தப் பெரிய சண்டை மட்டும் டிவியில் வராது, வெள்ளிக்கிழமை ஹாலுக்கு வந்து பார்த்துக்கொள் என்பார்கள். அந்த ஒரு மணி நேரமும் டிக்கெட் விற்கும் விளம்பரம்தான். ஒரு வட்டாரத்தில் ஒரு ஆளின் மவுசு குறைந்தால், காரை எடுத்துக்கொண்டு அடுத்த வட்டாரத்துக்குப் போய்விடுவார். இங்கே வில்லனாக இருந்தவர் அங்கே நாயகன், பெயர்கூட மாறியிருக்கும். இங்கத்திய டிவி அங்கே தெரியாது, அதனால் கேட்க ஆளில்லை.

அந்த வேலியை முதலில் பிய்த்தது செயற்கைக்கோள்தான், எந்தக் குஸ்தி முதலாளியும் இல்லை. 1976 டிசம்பரில் டெட் டர்னர் தன் அட்லாண்டா டிவி நிலையத்தைச் செயற்கைக்கோளில் ஏற்றினார். அதில் ஜார்ஜியா வட்டாரத்துக் குஸ்தியும் ஓடிக்கொண்டிருந்தது, கேபிள் வைத்திருந்த ஊரெல்லாம் அதைப் பார்க்க ஆரம்பித்தது. மற்ற முதலாளிகள் முணுமுணுத்தார்களே தவிர, இதன் அர்த்தம் என்ன என்று உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை.

யோசித்தவர் வின்ஸ் மெக்மேன். அவருடைய அப்பா வின்சென்ட் ஜே. மெக்மேன் நியூயார்க் பக்கத்து முதலாளி, பழைய ஒப்பந்தத்தை மதித்தவர். அவரும் பெரிய சாது இல்லை. 1963 ஜனவரியில் பட்டி ரோஜர்ஸ் டொரண்டோவில் லூ தெஸ்ஸிடம் தோற்றபோது, மூன்று சுற்று வைக்காமல் ஒரே சுற்றில் முடித்தது செல்லாது என்று சொல்லி, ரோஜர்ஸையே சாம்பியனாக வைத்துத் தனிக் கம்பெனி போட்டார், இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.யின் ஆரம்பம் அதுதான். அந்த மே மாதமே மேடிசன் ஸ்குவேர் கார்டனில் புரூனோ சம்மர்ட்டினோ 48 விநாடியில் ரோஜர்ஸை முடித்தார், நியூயார்க் இத்தாலியர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். ஆனால் அப்பா எல்லை தாண்டவில்லை. மகன் 1982இல் அப்பாவிடமும் அவர் பங்குதாரர்களிடமும் கம்பெனியைத் தவணையில் வாங்கினார், தவணை தவறினால் கம்பெனி திரும்பப் போய்விடும் என்ற நிபந்தனையோடு. வாங்கியவர் முதல் வேலையாக எல்லையைத் தாண்டினார்.

செய்தது மூன்று காரியம். மற்ற வட்டாரங்களின் டிவி நிலையங்களுக்கே காசு கொடுத்துத் தன் நிகழ்ச்சியைப் போட்டார். மற்ற வட்டாரங்களின் ஸ்டார்களைத் தூக்கினார்: மினியாபொலிஸில் வெர்ன் கான்யாவிடம் இருந்த ஹல்க் ஹோகன், கரோலினா பக்கமிருந்து ராடி பைப்பர், பேட்டி எடுக்கும் ஜீன் ஓகர்லண்டைக்கூட விடவில்லை. 1984 ஜனவரி 23ஆம் தேதி ஹோகன், சாம்பியனாக இருந்த அயர்ன் ஷேக்கைத் தோற்கடித்து பெல்ட்டை வாங்கினார், அதன்பின் எங்கு பார்த்தாலும் அவருடைய மஞ்சள் பனியன்தான். அதே வருஷம் ஜூலை 14ஆம் தேதி, அட்லாண்டாக்காரர்கள் வழக்கம்போல சனிக்கிழமை சாயந்திரம் டிவியைப் போட்டால் உள்ளூர் ஆட்களைக் காணோம், மெக்மேன் நிற்கிறார். ஜார்ஜியா கம்பெனியின் பங்குகளை வாங்கி அந்த நேரத்தையே பிடித்துவிட்டார். ரசிகர்கள் டிவி நிலையத்துக்கு போன் போட்டுக் கத்தினார்கள். அந்தக் கத்தல் பலித்தது, அடுத்த வருஷமே அந்த நேரத்தைக் கரோலினா பக்கத்து முதலாளி ஜிம் குரோக்கெட்டுக்கு 10 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

மூன்றாவது, குஸ்தி பார்க்காதவனைப் பார்க்க வைத்தது. பாடகி சிண்டி லாப்பர், நடிகர் மிஸ்டர் டி, எம்டிவி, பொம்மைகள், கார்ட்டூன். 1985 மார்ச் 31இல் முதல் ரெஸில்மேனியா, குத்துச்சண்டை வீரர் முகமது அலி ரிங்குக்கு வெளியே நடுவராக நிற்கிறார். அதை வீட்டு டிவியில் இலவசமாகக் காட்டவில்லை. நாடு முழுக்க அரங்குகளில் பெரிய திரை கட்டி டிக்கெட் விற்றார்கள், 10 லட்சத்துக்கும் மேலானவர்கள் பார்த்தார்கள் என்பது கணக்கு. இவ்வளவு காலம் டிவி ஹாலுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது, அன்றைக்கு ஹாலில் நடந்ததே டிவிக்காகத்தான்.

மற்ற முதலாளிகள் ஒன்று சேர்ந்து மெக்மேனைத் தடுத்திருக்கலாமே? – வாசகி, பட்டர்வொர்த்

சேர்ந்தார்கள் அம்மா, சேர்ந்துதான் கெட்டார்கள். 1984இல் வெர்ன் கான்யா, குரோக்கெட் எல்லோருமாக 'புரோ ரெஸ்லிங் யூ.எஸ்.ஏ.' என்று ஒரு கூட்டணி போட்டார்கள். எந்த ஸ்டார் யாருக்கு, பணம் யாருக்கு எவ்வளவு என்பதிலேயே அது உடைந்தது. நாற்பது வருஷம் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காமல் இருந்தவர்கள் திடீரென்று ஒரே அடுப்பில் சமைக்கப் போனால் எப்படி?

தனியாக நின்று மோதியவர் குரோக்கெட் ஒருவர்தான். அவரை மெக்மேன் அடித்த விதத்தைக் கேளுங்கள். 1987 நவம்பரில் 'ஸ்டார்கேட்' என்ற தன் பெரிய நிகழ்ச்சியை முதல்முறையாகக் காசு கட்டிப் பார்க்கும் கேபிளில் போட ஏற்பாடு செய்தார். அதே நாளில் மெக்மேன் 'சர்வைவர் சீரிஸ்' என்று புதிதாக ஒன்றை அறிவித்து, குரோக்கெட் நிகழ்ச்சியைக் காட்டும் கேபிள் கம்பெனிக்கு அடுத்த ரெஸில்மேனியா கிடையாது என்று சொல்லிவிட்டார். விரல் விட்டு எண்ணும் அளவு கம்பெனிகள்தான் குரோக்கெட் பக்கம் நின்றன. மறு வருஷம் ரெஸில்மேனியா நடந்த அதே இரவில் குரோக்கெட் இலவச டிவியில் ஒரு பெரிய நிகழ்ச்சியைப் போட்டுப் பழி வாங்கினார். ஆனால் அதற்குள் கை காலியாகிவிட்டது, 1988 நவம்பரில் டெட் டர்னரிடம் விற்றார். அதுதான் டபிள்யூ.சி.டபிள்யூ. (வேர்ல்ட் சாம்பியன்ஷிப் ரெஸ்லிங்) என்ற கம்பெனி. தொண்ணூறுகளில் திங்கட்கிழமை ராத்திரிகளில் அது மெக்மேனையே ஒன்றரை வருஷத்துக்கு மேல் ரேட்டிங்கில் முந்தி ஓடியது, கடைசியில் 2001 மார்ச்சில் அதையும் அவரே சில மில்லியன் டாலருக்கு வாங்கிப் போட்டார்.

எல்லாம் நடிப்புதானே? இதற்கு ஒரு பக்கமா? – வாசகர், கிள்ளான்

நடிப்புதான் ஐயா. நாங்கள் சொல்லவில்லை, அவர்களே 1989இல் நியூ ஜெர்சி மாநில சட்டமன்றத்தில் சொன்னது. இது பொழுதுபோக்கு, உண்மையான போட்டி இல்லை என்று ஒத்துக்கொண்டால் விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் டிவி வரியும் இல்லை என்பதால் வாய் திறந்தார்கள். அதுவரை வில்லனும் நாயகனும் ஒரே காரில் போனால்கூட வேலை போகும் என்ற அளவுக்கு ரகசியம் காத்தவர்கள். வரி என்றதும் ரகசியமாவது ஒன்றாவது.

பளபள அங்கி போட்டுக்கொண்டு வருவதை முதலில் ஆரம்பித்தவர் யார்? – வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

புகழ் பெறச் செய்தவர் கார்ஜியஸ் ஜார்ஜ். நாற்பதுகளின் கடைசியில் அமெரிக்க வீடுகளுக்கு டிவி வந்த புதிதில், தங்க நிறச் சுருட்டை முடியோடு, முன்னால் ஒரு வேலைக்காரர் ரிங்குக்குள் வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டே வர, இவர் தலையிலிருந்து தங்க நிற ஹேர்பின்களை எடுத்துக் கூட்டத்துக்கு வீசுவார். நடுவர் சோதனை போட வந்தால் 'உன் அழுக்குக் கையை எடு' என்பார். அடி வாங்குவதைப் பார்க்கவே ஜனம் டிக்கெட் வாங்கியது. 1961இல் இவரைச் சந்தித்த இளைஞர் ஒருவர் வாய்ச்சவடாலின் விலையை இவரிடம்தான் கற்றேன் என்று பின்னாளில் சொன்னார். அந்த இளைஞர் முகமது அலி.

ஒரே கம்பெனி ஆனதால் ரெஸ்லர்களுக்கு நல்லதுதானே? சம்பளம் ஏறியிருக்குமே? – வாசகர், ஆயர் ஈத்தாம்

உச்சியில் இருந்த சிலருக்கு ஏறியது, கொட்டியது என்றே சொல்லலாம். மற்றவர்களுக்கு நான் அவ்வளவு சீக்கிரம் ஆமாம் சொல்லமாட்டேன். முன்பு ஒரு முதலாளி காசில் கைவைத்தால் அடுத்த வட்டாரத்துக்குக் காரை விடலாம், பிறகு போக வேறு வட்டாரமே இல்லை. இன்றுவரை அவர்கள் ஊழியர்கள் அல்ல, ஒப்பந்தக்காரர்கள் என்பதுதான் கணக்கு. 1986இல் ரெஸில்மேனியா 2 சமயத்தில் ரெஸ்லர் ஜெஸ்ஸி வென்ச்சுரா தொழிற்சங்கம் அமைப்போம் என்று சக ஆட்களிடம் பேசிப் பார்த்தார், விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது. போட்டுக்கொடுத்தது யார் என்று வென்ச்சுராவுக்குப் பல வருஷம் தெரியாது. பின்னால் அவர் தொடுத்த வழக்கில் மெக்மேனே சத்தியப் பிரமாணத்தின் மேல் சொன்ன பெயர் ஹல்க் ஹோகன். தோட்டத்தில் சங்கம் கட்டிய நம் பெரியவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் ஆச்சரியப்படமாட்டார்கள், எந்த லயத்திலும் கங்காணி காதுக்குச் சேதி கொண்டுபோக ஒருத்தர் இருந்திருப்பார்.

என் மூத்தவன் சின்னவனை சோபாவிலிருந்து தூக்கிப் போடுகிறான். என்ன செய்ய? – அம்மா ஒருவர், ரவாங்

சோபாவை விற்றுவிடுங்கள். பையன் கேட்டால், ரிங் தரைக்கு அடியில் பலகையும் மெத்தையும் வைத்திருப்பார்கள், வீட்டுத் தரைக்கு அடியில் சிமெண்ட்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

நம் நாட்டில் இதை வியாபாரமாக வளர்க்க முடியுமா? – வாசகர், பிறை

ஆட்கள் இருக்கிறார்கள். மலேசியா புரோ ரெஸ்லிங் என்ற குழு 2014 முதல் நடத்துகிறது. அதில் 'ஃபீனிக்ஸ்' நோர் டயானா, தூடோங் என்ற தலைத்துணி போட்டுக்கொண்டே ரிங்கில் இறங்குபவர், 2019இல் நான்கு ஆண்களை ஒரே ஆட்டத்தில் தோற்கடித்து சாம்பியன் பட்டம் எடுத்ததை உலகப் பத்திரிகைகள் எழுதின. இல்லாதது வாராவாரம் ஒரே நேரத்தில் வரும் நிகழ்ச்சி. மாதக் கணக்கில் இடைவெளி விட்டு நடத்தினால் யாருக்கும் யார் மேலும் கோபம் நிலைக்காது, கோபம் நிலைக்காத இடத்தில் டிக்கெட் விற்காது. இப்போது டிவி நிலையத்தில் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை, ஒரு போன் போதும். பட்டர்வொர்த்தில் ஒரு வில்லனையும் கோலாலம்பூரில் ஒரு நாயகனையும் பிடித்து, வாரம் பத்து நிமிஷம் மாறி மாறித் திட்டவிட்டு, ஆறாவது வாரம் ஈப்போவில் ஒரு ஹால் எடுத்துப் பார்க்கட்டும். முப்பது வெள்ளி டிக்கெட் என்றால் முதல் வரிசைக்கு நான் வருகிறேன்.